மூன்று கூடை மண்

1909 மார்ச் 7, ஞாயிறு

அத்திம்பேர் மஹாதேவன் வீடு கட்டப் போகிறார். கார்டன் ரீச் தாண்டி, கங்கை வளைகிற இடத்தில், கரையோரமாய் ஒரு மனை. "சுந்தரேசா, நீ கல் ஆராயற சர்க்கார் ஆபீஸ்காரன். பூமி எப்படி, சொல்லு" என்றார். ஒரு பிடி மண்ணை முகர்ந்தேன். "பத்தடியில் பாறை, அத்திம்பேர்! நம்ம மலைக்கோட்டைக்குத் தம்பி" என்றேன். துரைகளே என்னைக் கேட்டுத்தான் கல்லுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். கல்லில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவன் நான் — அதிக வித்தியாசமில்லை.

மார்ச் 9

அக்கா ஜகதாம்பாள் தெரு முழுக்க என் பெருமையைச் சொல்லிவிட்டாள். கிணறு எங்கே வெட்டலாம் என்று மூன்று பேர் கேட்டு வந்தார்கள். மூவருக்கும் இடம் காட்டினேன்.

மார்ச் 21, ஞாயிறு

மனைப் பரீட்சை. முழ ஆழம் குழி வெட்டி, அதே மண்ணைத் திரும்பப் போட வேண்டும். மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாது.

குறைந்தது! மிதிக்க மிதிக்க மாவு மாதிரி அமுங்குகிறது. நல்லவேளை, எல்லோரும் ஆலமர நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கரைச் சரிவிலிருந்து மூன்று கூடை மண் அள்ளிக் கொட்டினேன். குழி கோபுரமாய் நின்றது. அத்திம்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தோணிக்காரன் ஒருவன் பார்த்துச் சிரித்தான். போன வருஷம் இங்கே இரண்டு ஆலமரம் இருந்ததாம். எதிர்க்கரையில் புது நிலம் வளர்கிறதாம். படிக்காதவன்.

மார்ச் 23

மனசு கேட்கவில்லை. ஆபீஸில் கல் சாஸ்திரம் படித்த வங்காளி ஹரிபாபுவிடம், சிநேகிதன் ஒருவனுக்காக என்று, கேட்டேன். பென்சிலால் ஒரு வளைவு போட்டார். வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாய் ஓடிக் கரையை அரிக்கும், உள்பக்கம் ஓய்ந்து வண்டலைப் போடும் என்றார். பாறை? இந்த ஊர்க் கோட்டைக்குள் அந்தக் காலத்தில் நானூறு அடிக்கு மேல் துளைத்தும் அகப்படவில்லையாம். ஊரே நதி கொண்டுவந்து போட்டதாம். "போட்டதை எடுத்துப்போக அது யாரைக் கேட்கணும், மஷாய்?"

அத்திம்பேர் மனை எந்தப் பக்கம்?

வெளிப்பக்கம். ஐயோ.

மார்ச் 28, ஞாயிறு

நதி அரிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் கனமாயிருக்கட்டுமே என்று, லாட் துரையே கூப்பிட்டு எச்சரித்தார் என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அன்னிக்குப் பாறை, இன்னிக்கு லாட் துரையா? அடுத்த வாரம் கங்கையே வந்து உன்கிட்டே பேசுவாளாக்கும்!"

வெள்ளிக்கிழமை பத்திரம். அத்திம்பேர் இருபது வருஷ உத்தியோகத்தில் சேர்த்ததெல்லாம் அந்தக் கரையில் போகப் போகிறது. என்னடா செய்வே, சுந்தரேசா?

ஏப்ரல் 1, வியாழன்

சொல்லிவிட்டேன். ஜோடனை ஒன்றும் இல்லாமல். "அத்திம்பேர், அன்னிக்குக் குழி ரொம்பலை. மூணு கூடை நான் போட்டேன். எனக்குக் கல்லும் தெரியாது, மண்ணும் தெரியாது. சீட்டு ஒட்டறேன், அவ்வளவுதான்."

அக்கா உள்ளே போய்விட்டாள். எனக்கு இலை போடவில்லை.

ஏப்ரல் 2

பத்திரம் எழுதவில்லை.

ஏப்ரல் 4, ஞாயிறு

கிணறு கேட்ட மூவரிடமும் போனேன், மன்னிப்புக் கேட்க. இருவர் வெட்டியே விட்டார்கள். இரண்டிலும் தண்ணீர்! "உங்க வாக்குப் பலிச்சுது" என்கிறார்கள். இந்த வண்டல் ஊரில் எங்கே வெட்டினாலும் தண்ணீர்தான். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

மழை விட்டது. அத்திம்பேர் கூப்பிட்டார், தோணியில் போனோம். மனை இல்லை. ஆலமரம் தலைகுப்புறத் தண்ணீரில். குழி இருந்த இடத்தில் சுழல். அத்திம்பேர் என் தோளில் கை வைத்து, "உன் மூணு கூடையும் போச்சேடா" என்றார்.

மத்தியானம் அக்கா என் இலையில் அப்பளம் இரண்டாகப் போட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வெங்கடராமன் வந்தார், கிணற்றுக்கு இடம் கேட்டு. அத்திம்பேர் என் வாயையே பார்த்தார். "எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஹரிபாபுவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

ஹரிபாபு யார் என்றார் வெங்கடராமன்.

என் சிஷ்யர் என்றேன்.

அத்திம்பேருக்குக் காபி புரையேறிவிட்டது.