மனு எதுவும் பெறப்படவில்லை

ஓடக்குறிச்சி,
அரியலூர் வழி.
12-2-1984

அன்புத் தம்பி சாமிதுரைக்கு,

உன் அக்கா செங்கமலம் எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். மலர்க்கொடிக்கு வாந்தி நின்றதா? ஐந்தாம் மாதம் என்றால் இனிமேல் வாய்க்கு ருசிக்கும். நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு நீ வராததில் அவருக்குக் குறைதான். ஆபீஸ் வேலை என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு மனுவும் வருகிறது. விஷயம் இதுதான். போன வருஷம் உங்கள் ஒன்றிய ஆபீசிலிருந்து வந்து, நம் காலனியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை தார் ரோட்டை ஒட்டி நடைபாதை போடுவதாகக் கல் நட்டுவிட்டுப் போனார்கள் அல்லவா? சைக்கிளும் போகிற அகலம், ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம் என்று சொன்னார்கள். ஒரு பர்லாங்கு தூரம் செம்மண் கொட்டிச் சரளையும் பரப்பினார்கள். அந்த ஒரு பர்லாங்கில் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைகோத்துப் பேசிக்கொண்டு போகும். அதைத் தாண்டியதும் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும்.

போன வாரம் காண்ட்ராக்டர் ஆள் வந்து, மீதிச் சரளையை லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு, “இந்த வருஷ பட்ஜெட்ல நடபாதைக்குப் பணம் கெடையாதுங்க, வெட்டிட்டாங்க” என்றாராம்.

நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரி மூன்று பங்காகிவிட்டது. தார் விளிம்பு உடைந்து ஒரு முழப் பள்ளம். லாரி வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் பள்ளத்தில் இறங்க வேண்டும். இறங்கினால் விழ வேண்டும். உன் மாமா இந்த மாதத்தில் இரண்டு தடவை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தார்.

கலியம்மாள் சின்னம்மாதான் வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பதினாலு கையெழுத்தும் ரேகையும் வாங்கினார். காலனியும் ஊரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது நான் அறிய இதுதான் முதல் தடவை. நீ அந்த ஆபீசில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் எல்லாரும் போட்டார்கள். ஆபீசர் மேசையில் நீயே வைத்துவிடு.

மலர்க்கொடியைக் கனமான குடம் தூக்க விடாதே.

அன்புள்ள அக்கா,
செங்கமலம்


பெரம்பலூர்,
21-2-1984

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா வந்து போனது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஊறுகாயை மலர்க்கொடி சோறு இல்லாமலேயே தின்று தீர்த்துவிடுவாள் போலிருக்கிறது. இரண்டு நாள் இருக்கச் சொன்னோம், ஷிப்டு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

மனுவைப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை போட்டு, ஆபீசர் மேசையில் வைத்துவிட்டேன். மாமா ரசீது வேண்டுமா என்று கேட்டார். நான் இருக்கும்போது ரசீது எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. ஆபீசர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கையெழுத்துப் பக்கங்களைப் புரட்டக்கூட இல்லை. இந்த வருஷம் மேலிருந்து வரும் தொகை குறைந்துவிட்டது, எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், அதனால் ஒன்றியம் முழுக்க நடைபாதை, ஓடைப்பாலம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்றார். லாரி போகிற ரோட்டை அகலப்படுத்துகிற வேலையை மட்டும் தொடவில்லை. அதற்கு வேறு இடத்திலிருந்து கேட்கிறார்கள் என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

பட்ஜெட் மார்ச் கடைசியில்தான் கையெழுத்தாகும். அதுவரை நம்பிக்கை வைப்போம். ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதே. மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையது. நீ சத்துணவு அமைப்பாளர். உன் வேலையும் இந்த ஆபீசர் கையில்தான் இருக்கிறது. அடுத்த தடவை நடுவில் எங்காவது போடு.

மாமாவைப் பார்த்துப் போகச் சொல்.

அன்புத் தம்பி,
சாமிதுரை


ஓடக்குறிச்சி,
18-3-1984

அன்புத் தம்பிக்கு,

மலர்க்கொடிக்கு வளைகாப்பு எந்தத் தேதி என்று எழுது. கண்ணாடி வளையல் அரியலூரில் வாங்கிவிடுகிறேன்.

புதன்கிழமை நாங்கள் பதினோரு பேர் உங்கள் ஆபீசுக்கு வந்தோம். வருவதாக உனக்குக் கார்டு போட்டிருந்தேனே, கிடைத்ததா? நீ அன்று லீவு என்றார்கள். உடம்புக்கு என்னவோ என்று எனக்கு ஒரே கவலை. வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்றால் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

காலை பத்து மணியிலிருந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு மேல் ஆபீசர் கூப்பிட்டார். பெஞ்சு இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. நான் பேசுவதாகத்தான் ஏற்பாடு. எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்து நாக்கு எழவில்லை. கலியம்மாள் சின்னம்மாதான் முன்னால் போனார்.

“சார், லாரிக்கு ரோடு அகலமாவுதுங்க. சந்தோசம். நாங்க எங்க நடக்கறது?”

“ஓரமா நடங்க.”

“ஓரம் எங்க இருக்குன்னு ஒரு நாளு வந்து காட்டிட்டுப் போங்க சார். நாங்க அப்பறம் கேக்கல.”

ஆபீசர் சிரித்தார். சிரித்துவிட்டு, மனு இருக்கிறது, பார்க்கிறோம் என்று சொல்லி மணி அடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னம்மா, “சாமிதொரை இருந்திருந்தா ஒரு வார்த்த சொல்லிருப்பான்” என்றார்.

உடம்பு எப்படி இருக்கிறது? உடனே எழுது.

அக்கா,
செங்கமலம்


பெரம்பலூர்,
30-3-1984

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கார்டு கிடைத்தது. அதனால்தான் லீவு போட்டேன். பொய் சொல்ல மனம் வரவில்லை, எழுதிவிட்டேன்.

அக்கா, எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஜூலையில்தான் ஆர்டர் வர வேண்டும். அதை எழுதுகிறவரும் இதே ஆபீசர். நீங்கள் பதினோரு பேர் வந்து நிற்க, நான் உள்ளே உட்கார்ந்திருக்க, சின்னம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்? அன்று பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். பத்து மணிக்கு வந்திருப்பீர்கள், ஒரு மணிக்குப் பசித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மலர்க்கொடி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை.

நேற்று பட்ஜெட் கையெழுத்தாகிவிட்டது. டைப் அடித்தது நான்தான். நடைபாதை என்று இருந்த வரியே இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். அதற்குள் என் வேலை உறுதியாகிவிடும், நானே எழுத்தில் எடுத்துச் சொல்வேன். அதுவரை பொறுத்துக்கொள். ஊர்க்காரர்களையும் பொறுக்கச் சொல்.

வளைகாப்பு சித்திரை பத்தாம் தேதி. நீ வராமல் நடக்காது.

தம்பி,
சாமிதுரை


ஓடக்குறிச்சி,
11-6-1984

தம்பி சாமிதுரைக்கு,

கலியம்மாள் சின்னம்மா போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. அங்கமுத்து சித்தப்பா அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துச் சுரங்க வேலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஓடைக்கு இந்தப் பக்கம், போன வருஷம் செம்மண் கொட்டியது முடிகிற இடத்தில், பின்னால் லாரிக்காரன் ஆரன் அடித்திருக்கிறான். சித்தப்பா இறங்கப் பார்த்தார். பள்ளத்தில் முன்சக்கரம் சாய்ந்து சின்னம்மா ரோட்டுப் பக்கம் விழுந்துவிட்டார். சித்தப்பா பள்ளத்துப் பக்கம் விழுந்தார். அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை.

நான் சத்துணவு மையத்துக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது சித்தப்பா சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, கோணலாகிப்போன ஹேண்டில்பாரைச் சரி செய்துகொண்டிருந்தார். “மணியாயிடுச்சி, ஏறச் சொல்லு” என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை.

ஊர், காலனி எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்தோம். பதினொரு மணி வரை ஒரு லாரி போகவில்லை. தாசில்தார் வந்தார். இப்படி ஆகும் என்று முன்னாலேயே யாராவது எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். இருநூற்றுப் பதினாலு பேர் எழுதிக் கொடுத்தோம் என்றேன். ரசீது எங்கே என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கலெக்டர் உங்கள் ஆபீசைக் கேட்டு எழுதுவாராம். மனு வந்தது உண்மை என்று பதில் போனால் நடைபாதைக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வழி இருக்கிறது என்று தாசில்தாரே சொன்னார். பதிவேடு உன்னிடம் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லி எழுத வேண்டாம். மனு வந்தது என்று மட்டும் எழுது. அது போதும்.

சாவுக்கு நீ வருவாய் என்று பார்த்தோம். தந்தி கிடைக்கவில்லையோ என்னவோ.

செங்கமலம்


பெரம்பலூர்,
5-7-1984

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்தது. உன் கடிதமும் கிடைத்தது. பேனா எடுப்பேன், வைத்துவிடுவேன்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி மலர்க்கொடிக்குப் பெண் பிறந்தது. இரண்டு பேரும் நலம். குழந்தைக்கு நெற்றி உன்னைப் போல அகலம்.

இனி எழுதப்போவதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன். கலெக்டர் ஆபீசிலிருந்து கேள்வி வந்தது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. குழந்தை பிறந்ததை விசாரித்தார். என் நிரந்தர ஆர்டர் மேசைமேல் கையெழுத்துக்கு இருந்தது, அது என் கண்ணில் படும்படி இருந்தது. பிப்ரவரி மாதப் பதிவேட்டில் மை கொட்டிவிட்டது, வேறு நோட்டில் பார்த்து எழுதிவிடு என்றார். மை எதுவும் கொட்டவில்லை.

எழுதினேன். எல்லா வரியையும் எழுதினேன், அந்த ஒரு வரியைத் தவிர. பிறகு கலெக்டருக்குப் பதிலையும் நானே டைப் அடித்தேன். “மேற்படி நடைபாதை தொடர்பாக ஓடக்குறிச்சி பொதுமக்களிடமிருந்து மனு எதுவும் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை.” மனுவை ஆபீசர் வாங்கிக்கொண்டார். எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் என் ஆர்டர் கைக்கு வந்தது. மலர்க்கொடி சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சின்னம்மா உயிரோடு இருக்கும்போது நடந்திருந்தால் நான் இப்படிச் செய்திருக்க மாட்டேன். போனவர் திரும்ப வரப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தப்பு என்றும் தெரியும்.

வரும் ஆவணியில் குழந்தைக்குப் பேர் வைக்கிறோம். அத்தை நீதான் காதில் சொல்ல வேண்டும். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் வந்து திட்டு.

உன் தம்பி,
சாமிதுரை


பெரம்பலூர்,
24-8-1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வரவில்லை. மாமாவும் வரவில்லை. பத்து மணி பஸ், பன்னிரண்டு மணி பஸ் இரண்டுக்கும் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். நல்ல நேரம் முடிகிறது என்று மலர்க்கொடியின் அம்மாவே பேரைச் சொல்லிவிட்டார். சின்னம்மாள் என்று வைத்திருக்கிறோம்.

உங்கள் அக்கா ஏன் வரவில்லை என்று மலர்க்கொடி கேட்கிறாள். சத்துணவு மையத்தில் வேலை என்றேன்.

ஒரு வரி எழுது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு வெற்றுக் கார்டாவது போடு. உன் கையெழுத்தில் என் விலாசத்தைப் பார்த்தால் போதும்.

சாமிதுரை


பதிவுத் தபால் — ஒப்புதல் அட்டையுடன்

அனுப்புதல்:
அ. செங்கமலம் மற்றும் ஓடக்குறிச்சி பொதுமக்கள்,
ஓடக்குறிச்சி, அரியலூர் வழி.

பெறுதல்:
திரு. மா. சாமிதுரை அவர்கள்,
இளநிலை உதவியாளர், தபால் பிரிவு,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

நாள்: 1-9-1984

பொருள்: நிறுத்தப்பட்ட நடைபாதை மற்றும் ஓடைப்பாலம் வேண்டி.

ஐயா,

வணக்கம். எங்கள் காலனியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்காகத் தொடங்கிய பாதை, பட்ஜெட்டில் வெட்டப்பட்டு நின்றுபோய்விட்டது. சென்ற ஜூன் ஏழாம் தேதி எங்களில் ஒருவரான கலியம்மாள், வயது ஐம்பத்திரண்டு, அந்த ரோட்டில் இறந்துபோனார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நூற்று ஆறு பேர் இன்றும் அந்த ரோட்டில்தான் நடக்கிறார்கள்.

இதே கோரிக்கையுடன் பிப்ரவரி மாதம் நாங்கள் கொடுத்த மனு பெறப்படவில்லை என்று தங்கள் அலுவலகம் எழுதியிருப்பதாக அறிகிறோம். எனவே மறுபடியும் எழுதியிருக்கிறோம். இம்முறை கையெழுத்தும் ரேகையும் சேர்த்து இருநூற்று முப்பத்தொன்று. வாய் பேசாமல் இருக்கும் அங்கமுத்துவும் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார்.

இதைப் பெற்றுக்கொண்டதற்குத் தாங்கள் ஒப்புதல் அட்டையில் கையெழுத்திட வேண்டும். தபால்காரர் முன்னால் போட வேண்டும். நகல் ஒன்று கலெக்டர் அவர்களுக்கும் பதிவுத் தபாலில் போகிறது.

வரும் பத்தாம் தேதி திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு எங்களில் நான்கு பேர் நேரில் வருவோம். தாங்கள் லீவில் இருந்தால் மறுநாள் வருவோம். அன்றும் இல்லையென்றால் அதற்கு மறுநாள் வருவோம். யார் நீங்கள் என்று அங்கே கேட்டால் ஓடக்குறிச்சிக்காரர்கள் என்று மட்டும் சொல்வோம். தங்களுக்குச் சங்கடம் தரும் வேறு எந்த உறவையும் சொல்ல மாட்டோம்.

இப்படிக்கு,

1. அ. செங்கமலம்,
சத்துணவு அமைப்பாளர்