அக்கா நீக்கிய லைப்ரரி

ஜூலை 7, திங்கள். காலையிலிருந்து தூறல்.

இந்த டைரியில், பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுவேன். வீட்டு மனிதர்கள் என்று சலுகை கிடையாது.

பால்கனி முழுக்கப் புறா எச்சம். கழுவியது நான். மூக்கைப் பிடித்துக்கொண்டு.

ஸ்டெல்லா அக்காவுக்கு இந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை. மாதாப்பூர் கம்பெனியில் அவளை நிரந்தரமாக்குவார்களா என்பது வெள்ளிக்கிழமை தெரியும். முடிவு டீம் லீட் வம்சி கையில். அம்மா: "ஏட்டி, அவ லேப்டாப் பக்கம் போவாத. இந்த வாரம் நக்கோ." வேண்டாம் என்பதை அம்மா இப்போதெல்லாம் இந்த ஊர் உருதுவில்தான் சொல்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

கணக்கு டெஸ்ட், பரவாயில்லை. வீட்டில் அக்கா முகம் வீங்கி. அவர்கள் ப்ரோக்ராம் பல மாட்யூல்களாகப் பிரிந்தது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. அந்தப் பொது மாட்யூலில் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு பழைய லைப்ரரியை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த தயார் கோடை, நேற்று நீக்கினாள். இன்று பில் போடும் மாட்யூல் கம்பைல் ஆகவில்லை, ஓடும் நிலைக்கே வரவில்லை. வீடியோ மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வம்சி திட்டு.

ஜூலை 9, புதன். மழை இல்லை, புழுக்கம்.

அக்காவைக் குடைந்து கேட்டுப் புரிந்துகொண்டேன். பள்ளியில் எங்களுக்கு ஜாவா என்றால் ஒரே ஃபைல். அங்கே ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு எந்த லைப்ரரி வேண்டும் என்று தன் பாம் (POM) ஃபைலில், அதாவது தேவைப் பட்டியலில், எழுத வேண்டும். பில் மாட்யூல் எழுதவே இல்லை. பொது மாட்யூல் வழியாக வந்ததைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது. கேட்காமல் என் டிஃபனில் கையை விடும் கிளாஸ்மேட் ஹர்ஷிதா மாதிரி. அவள் விரலை நக்கிவிட்டு மறுபடி விடுவாள். உவ்வே.

பில் மாட்யூலை எழுதியவர் வம்சியேதான்.

அக்கா பக்கமும் தவறு உண்டு. நீக்கியபின் தன் மாட்யூலை மட்டும் பில்ட் செய்து, அதாவது கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்தாள். மொத்தத்தையும் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஜூலை 10, வியாழன்

பில் மாட்யூலின் பாம் ஃபைலில் அந்த லைப்ரரியை அக்கா சேர்த்தாள். மொத்த பில்டும் ஓடியது. வம்சிக்கு அனுப்பினாள். உடனே அவரிடமிருந்து போன், ஸ்பீக்கரில், தெலுங்கில்.

"அதி நா மாட்யூல், நுவ்வு டச் செய்யகு. தீசிந்தி மள்ளீ பெட்டேய், அந்தே."

அவர் மாட்யூலைத் தொடக்கூடாதாம். எடுத்ததைப் பொதுவிலேயே திரும்ப வைக்க வேண்டுமாம்.

"சரே அண்ணா."

அண்ணாவாம். லைப்ரரியைப் பொதுவிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

நிரந்தரமாக்கிவிட்டார்கள். அம்மா ஜெபம், அப்பா வாங்கி வந்தது குபானி கா மீட்டா, ஆப்ரிகாட் இனிப்பு. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

படுக்கப் போகும்போது கேட்டேன். "நீ செஞ்சதுதான சரி?"

"ஆமா. வேலையும் வேணும்லா."

"நாளைக்கு வேற யாராவது அத எடுத்தா?"

"எடுக்க மாட்டாங்க. 'இதை நீக்காதீர்கள்'னு மேல ஒரு வரி எழுதிட்டேன்."

"ஏன்னு எழுதினியா?"

"ஏன்னு எழுதினா யாரு தப்புன்னு தெரிஞ்சிரும் பிள்ள. படு."

வம்சியை விட இவள் மேல்தான் இப்போது அதிக அருவருப்பு. இதையும் அப்படியே

லைட்டை அணைத்துவிட்டாள்.