பேர் சொல்லாத கீரை

ஜமுனாமரத்தூர்
12.11.1981

அன்புள்ள மகன் ராஜாக்கண்ணுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கப்பா சுகம், உங்கப்பா வயிறும் இந்த வாரத்திலிருந்து சுகம். வடக்கே நீ வேலை பார்க்கிற பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளியைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் எடுத்துப் போர்த்திக்கொள்.

போன மாதம் நடந்த கூத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய், எனக்கு அழுகைதான் வந்தது. போளூர் பள்ளிக்கூடத்திலிருந்து உங்கப்பாவை இந்த மலைக்கு மாற்றியதிலிருந்து சந்தை நாளில் மட்டும்தான் காய் கிடைக்கிறது. வன இலாகா ஆபீசுக்குப் பின்னால் பூங்கா என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், நட்டது ரோஜா, மழைக்கு முளைத்தது அத்தனையும் காட்டுச்செடி. அதில் நம் ஊர்ப் பண்ணைக்கீரை மாதிரியே தளதளவென்று ஒன்றைப் பார்த்து ஆசையாய்ப் பறித்து வந்து கடைந்து போட்டேன். பொழுது சாய்வதற்குள் உங்கப்பா ஏழு தடவை கொல்லைக்கு ஓடினார். அதோடு போச்சு. இருபத்தாறு வருஷம் பேப்பர் படித்துக்கொண்டே நான் போட்டதைத் தின்ற மனுஷன், இப்போது கறிவேப்பிலையைக்கூட விரலால் தள்ளிப் பார்த்து இது இன்னா என்கிறார். சண்டை போட்டால் தாங்குவேன், என் கைச்சோற்றைச் சந்தேகப்பட்டால் எப்படியப்பா தாங்குவது? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பூங்காவில் தண்ணீர் ஊற்றுகிற மாதம்மாளைப் பிடித்துக்கொண்டேன். மலைக்காரி, என் வயசுதான், வாய் என்னைவிட நீளம். இலையைத் திருப்பி முதுகைத் தடவு, கசக்கி மோந்து பார், காம்பை ஒடித்தால் பால் வருகிறதா பார் என்று தினமும் பாடம். புளியாரை, தொய்யக்கீரை, குமிட்டி என்று கீரைப் பேரெல்லாம் சொன்னாள். மருந்துக்கும் ஆகிற செடி என்றால் மட்டும் பேரைச் சொல்லவே மாட்டாள். கேட்டால், பேரச் சொன்னா அந்தச் செடி காதுல வுழும், அப்புறம் குணம் நிக்காது, கையால தெரிஞ்சிக்க வாத்தியாரம்மா என்று ஒரு அதட்டல். நானும் நோட்டில் பேர் இல்லாதது ஒன்று, பேர் இல்லாதது இரண்டு என்று எழுதி வைத்தேன். உங்கப்பா அதைப் பார்த்து, இது கீரைப் பட்டியலா பேய்ப் பட்டியலா என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு கீரை பறித்துவந்து, மாதம்மாளையும் சாப்பிடக் கூப்பிட்டு, களி கிண்ட உலை வைத்தேன். உங்கப்பா முறத்திலிருந்து இலை இலையாய் எடுத்து, பேர் சொல்லு, அப்புறம்தான் தின்னுவேன் என்று நின்றார். மூன்றுக்குச் சொல்லிவிட்டேன். நாலாவது, பேர் இல்லாதது இரண்டு! மாதம்மாள் வீட்டில் நித்தம் தின்கிற கீரைதான், கண்ணை மூடித் தடவினாலும் எனக்குத் தெரியும். தெரியாதது பேர் மட்டும்தான். பேர் தெரியாது என்றால் மனுஷன் சாப்பிடாமலே போய்விடுவார். மாதம்மாளைப் பார்த்தால் அவள் மோட்டுவளையைப் பார்க்கிறாள். வாயில் வந்ததைச் சொன்னேன், ராசாக்கண்ணுக் கீரை என்று. சொன்ன பிறகுதான் உன் பேர் என்றே உறைத்தது. மூன்று வருஷமாய் நேரில் கூப்பிட முடியாமல் நாக்கிலேயே நின்றிருந்தது போலிருக்கிறது. உங்கப்பா அவள் பக்கம் திரும்பி, நெசமா என்றார். அந்தக் கள்ளி கொஞ்சமும் அசராமல், ஆமாங்க சாரு, எங்க பாட்டன் காலத்துலர்ந்து அதான் பேரு என்றாள். அப்புறம் தனியாக, இப்படிப் புளுகினாயே என்று கேட்டதற்கு, பொய்ப் பேருதான, அது காதுல வுழுந்தா இன்னா என்கிறாள்.

கீரையைக் கடைந்து களியோடு வைத்தேன். நம்ம புள்ள பேர்ல கீரையா என்று சொல்லிக்கொண்டே உங்கப்பா உட்கார்ந்தார். முதல் வாய் மெதுவாக, இரண்டாவது வாய் கொஞ்சம் பெரிதாக. அப்புறம் பேப்பரை விரித்தார். கண்ணை எடுக்காமலே தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடு என்றார். கேட்டதற்கு மேலேயே இரண்டு கரண்டி போட்டேன்.

இப்போது அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் அந்தக் கீரையைக் காட்டப் போகிறாராம். நான் இன்னா செய்ய, வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உன் பதிலை அவர்தான் பிரித்துப் படிப்பார், கீரையைப் பற்றி ஒரு எழுத்து எழுதிவிடாதே. நோய்நொடி அண்டாமல் நீ நன்றாயிருக்க வேண்டும். பொங்கலுக்காவது லீவு போட்டு வந்து சேர், கீரையைப் போய் உன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு எத்தனை நாளைக்கு நான் இருப்பது?

உன் அம்மா,
த. வெள்ளையம்மாள்