கால் எட்டாத வண்டி

என் ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

திட்டாதே. நீ விற்கச் சொன்னாயே நம் பையனுடைய வேன், அதை நான் பழுது பார்த்துவிட்டேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மணலில் புதைந்தாலும் ஏறி வந்துவிடுமாம். தண்ணீர் கேன், மண்வெட்டி, இரண்டு மடக்கு நாற்காலி எல்லாம் ஏற்றியாயிற்று. சாயங்காலத்தில் செம்பாக மின்னும் என்று அவன் சொல்லிச் சொல்லி நம் காதைத் துளைத்தானே, அந்த மணல்மேடுகள் வழியாகவே பாலைவனத்தைச் சுற்றி வரலாம்.

ஒரே ஒரு சிக்கல். கிளட்சுக்கு என் கால் எட்டவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பட்டறையிலிருந்து எடுத்தேன். தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த மெக்கானிக், "சீட்ட கொஞ்சம் முன்னாடி இழுத்தா போதும் சார், இழுத்துடவா?" என்றார்.

"கை வெச்சீங்க, நடக்கறதே வேற!" என்று கத்திவிட்டேன். பாவம், மனுஷர் மிரண்டுபோனார்.

அவன் கடைசியாக இறங்கிப் போனபோது அந்த சீட் எங்கே இருந்ததோ, அங்கேயேதான் இருக்கிறது.

உயரத்தில் அவன் உன்னை உரித்து வைத்தவன். உனக்குக் கால் எட்டும்.

வந்து நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறேன்.

உன் குள்ளன்