‘மாவுச்சத்து குறைவு’ என்று அச்சிட்ட மாவுப் பொட்டலம் குறித்து

அனுப்புநர்:
மு. கன்னியப்பன்,
மளிகை வியாபாரம்,
பஜார் தெரு, உத்திரமேரூர்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்,
காஞ்சிபுரம்.

பொருள்: உணவுப் பொருள் – ‘மாவுச்சத்து குறைவு’ என்று அச்சிட்டு விற்கப்படும் ‘நலமணி’ மாவு – அதை நம்பி உண்ட சர்க்கரை நோயாளி கால் இழந்தது – இத்தகைய வாசகங்களுக்கு அளவு விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உத்திரமேரூரில் பத்தொன்பது ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்காரன் மீது பொதுமக்கள் புகார் கொடுப்பதுதான் வழக்கம். இது கடைக்காரனே கொடுக்கும் புகார். இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2. சென்ற ஆண்டு தை மாதம் மேற்படி ‘நலமணி’ மாவை அந்நிறுவனத்தின் ஏஜெண்டு என் கடைக்குக் கொண்டுவந்தார். பொட்டலத்தின் முகப்பில் ‘மாவுச்சத்து குறைவு’ என்று பெரிய எழுத்திலும், அதன் கீழ் ‘சர்க்கரை நோயாளிகள் வயிறார உண்ணலாம்’ என்றும் அச்சிடப்பட்டிருந்தது. எந்தெந்தத் தானியத்தை அரைத்தது என்பது எங்குமே இல்லை. அதை அன்று நான் கவனிக்கத் தவறினேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நோயாளிகளுக்கு என்று ஒன்றை அச்சடிப்பதானால் யாராவது ஓர் அதிகாரி பார்க்காமல் அச்சடிக்க விடமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

3. என் உடன்பிறந்த அக்காள் ஜெயம்மாள், வயது 47, மாகறல் கிராமத்தில் வசிக்கிறார். கணவர் வரதனுடன் சொந்தக் கழனியில் பாடுபட்டு வந்தவர். மூன்றரை ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மருத்துவர் சொன்னபடி மாத்திரையும், அளவான சாப்பாடுமாக இருந்தார். நாளெல்லாம் நாற்று நட்டுவிட்டு வருகிறவருக்கு ஒரு கரண்டிச் சோறு எம்மாத்திரம் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் அவர் அந்தக் கட்டுப்பாட்டை ஒரு வேளைகூட மீறவில்லை. மாதந்தோறும் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையும் நல்லபடியாகவே இருந்தது.

4. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாசி மாதம் கடைக்கு வந்தபோது, நானாகத்தான் அந்தப் பொட்டலத்தை எடுத்து, முகப்பில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ‘வயிறார’ என்ற சொல்லை மறுபடியும் ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அன்று முதல் காலையில் அந்த மாவில் அடை, இரவில் கஞ்சி என்று சாப்பிட ஆரம்பித்தார். அடுத்த மாதம் வந்தவர் என்னிடம் சொன்னதை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “ரெண்டு வருசமா வவுறு நெறைய துன்னதில்லடா கன்னியப்பா. இப்பத்தான் துன்னுட்டு தூங்கறேன்.” அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. பரிசோதனைக்குப் போனாயா என்று கேட்டேன். “அதான் நோவுக்குன்னே மாவு போட்டுக்கீறானே, டெஸ்ட்டு இன்னாத்துக்கு?” என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

5. ஆவணி மாதம் வரப்பில் நடக்கும்போது அவருடைய வலது பாதத்தில் கருவேல முள் ஏறியது. அது ஏறியதே அவருக்கு உறைக்கவில்லை. கால் வீங்கி, விரல்கள் கறுத்த பிறகுதான் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனோம். சிறுநீரை மருந்து ஊற்றிக் காய்ச்சியபோது, சர்க்கரை மிக அதிகம் என்பதற்கு அடையாளமாக அது செங்கல் நிறத்துக்கு மாறியதை நானே கண்ணால் பார்த்தேன். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று மருத்துவர்கள் சொல்லி, அவ்விதமே செய்தார்கள். “என்ன சாப்பிட்டீர்கள்?” என்று மருத்துவர் கேட்டதற்கு நான் பொட்டலத்தைக் காட்டினேன். அவர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என் மனநிலையை இம்மனுவில் எழுதுவது முறையல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

6. வீடு திரும்பிய பிறகும் என் அக்காள் என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. “நீ இன்னா பண்ணுவ, போட்டுக்கீறதத்தானே படிச்ச” என்றார். அவர் கணவர் வரதன் மட்டும் அதன் பின் என் கடைப் படியை மிதிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

7. நவம்பர் மாதம் உணவு ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். அவர் நேரில் வந்து, முறைப்படி மாதிரி எடுத்து, முத்திரை வைத்து அனுப்பினார். அவர் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. கோதுமை, பச்சரிசி, சிறிது பொட்டுக்கடலை; நூறு பங்கில் எழுபத்தொரு பங்கு மாவுச்சத்து; கலப்படம் ஏதும் இல்லை; சுத்தமான மாவு. அவ்வளவுதான் அறிக்கை. சாதாரண கோதுமை மாவிலும் ஏறக்குறைய இதே அளவு மாவுச்சத்துதான் உண்டு என்று மருத்துவர் எனக்கு விளக்கினார். அப்படியானால் ‘குறைவு’ என்று போட்டது பொய்தானே என்று ஆய்வாளரிடம் கேட்டேன். “பொய்னு கேஸ் போடணும்னா, எவ்வளவு இருந்தா குறைவுன்னு விதி இருக்கணும் இல்லியா? அப்படி ஒரு விதியே இல்லியேப்பா. எதைவிடக் குறைவுன்னு அவங்களும் போடல” என்றார். இதற்கு மேல் எங்கே போவது என்று கேட்டேன். அவர் சொன்ன இடத்துக்குப் போனேன். அங்கே இது மருந்து அல்ல, உணவு என்று அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் இது எடை, அளவு சம்பந்தப்பட்டது அல்ல என்றார்கள். மற்றோர் இடத்தில் என்னைப் பார்த்து, “நீங்கதானே வித்தீங்க?” என்றார்கள். ஆம், நான்தான் விற்றேன். அதைச் சொல்லத்தானே நான் அங்கு போனேன்?

8. இனி எழுதப்போவதை மிகுந்த வெட்கத்துடன் தெரிவிக்கிறேன். பங்குனி மாதம் அந்த ஏஜெண்டு மீண்டும் சரக்கு கொண்டுவந்தபோது, ஆய்வு அறிக்கையை அவர் முன் வைத்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவர் நிதானமாகப் படித்தார். “அண்ணே, இத்த குடுங்க, ஜெராக்ஸ் எடுத்துக்கினு தரேன். முதலாளிகிட்ட காட்டிக் கேக்கறேன்” என்றார். நானும் கொடுத்தேன். ஆனி மாதம் புதிய பொட்டலங்கள் வந்தன. முன்பிருந்த வாசகங்கள் அப்படியே இருக்க, அவற்றின் மேல் சிவப்பு வட்டத்தில் ‘அரசு ஆய்வகத்தில் பரிசோதித்து, கலப்படமற்றது எனச் சான்றளிக்கப்பட்டது’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. என் அக்காளின் காலுக்காக நான் வாங்கிய அறிக்கை அது.

9. என் கடையில் அந்த மாவை நிறுத்திவிட்டேன். முன்பு என்னிடம் அதை வாங்கிய பதினோரு வீடுகளுக்கும் சைக்கிளில் போய் விவரம் சொன்னேன். எட்டு வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் பஜாரில் மேலும் நான்கு கடைகளில் அது விற்கிறது. முன்னைவிட நன்றாகவே விற்கிறது.

10. சென்ற வாரம் கூரம் கிராமத்திலிருந்து வேதகிரி என்பவர் என் கடைக்கு வந்தார். அவர் மனைவிக்குச் சர்க்கரை நோயாம். வேறு கடையில் வாங்கிய ‘நலமணி’ பொட்டலம் அவர் பையிலேயே இருந்தது. இது சாதாரண மாவுதான், மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். என் அக்காளுக்கு நேர்ந்ததையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொட்டலத்தை வெளியே எடுத்து, சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தார். “கவருமெண்டே பார்த்து சொல்லிக்கீது. நீ இன்னாய்யா, விக்காத கடுப்புல பேசிக்கினு கீற” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மனைவி இப்போது வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஐயா, அந்த நிறுவனத்தைத் தண்டிக்க வேண்டும் என்பதல்ல என் முதல் கோரிக்கை. மாவுச்சத்து குறைவு என்று ஒரு பொட்டலத்தில் போடுவதானால், நூறு பங்கில் எத்தனை பங்குக்குள் இருக்க வேண்டும் என்று அரசு ஓர் எண் விதிக்க வேண்டும். அந்த எண்ணும், என்னென்ன தானியம் சேர்ந்தது என்பதும் முகப்பிலேயே அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் எந்த வாசகமும் மருத்துவர் குழு பார்த்து ஒப்புதல் தராமல் அச்சாகக் கூடாது. விதி செய்வது தங்கள் கையில் இல்லையென்றால், தங்கள் பரிந்துரையோடு இம்மனுவை உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். ‘அது எங்கள் பிரிவு அல்ல’ என்று மட்டும் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

விதி வரும் வரை காத்திருக்க முடியாத ஒரு காரியமும் உண்டு. அந்தச் சிவப்பு வட்டத்தில் அரசின் பெயர் இருக்கிறது. அரசு அப்படிச் சொல்லவில்லை என்று தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே நான் கூரத்துக்குப் புறப்படுகிறேன். வெறும் கையோடு போனால் வேதகிரி என்னைத் தெருவாசலிலேயே நிறுத்திவிடுவார்.

இடம்: உத்திரமேரூர்
நாள்: 18.8.1986

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மு. கன்னியப்பன்

இணைப்பு: பழைய பொட்டலம் ஒன்று, புதிய பொட்டலம் ஒன்று, ஆய்வு அறிக்கை நகல், ஜெயம்மாளின் மருத்துவமனைச் சீட்டு.