சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த விஸ்கி

செவ்வாய்க்கிழமை, 08:00
சனிக்கோளின் நிலவான என்செலடஸ், பனி ஆய்வு நிலையம். பதிவு செய்பவர்: தவசீலன், ஆய்வாளர், தற்போது இங்குள்ள ஒரே ஆள்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்கப்பட்டுள்ளது. மதுக் கோப்பையில் எலுமிச்சைத் தோல் சேராது; ஆரஞ்சுத் தோல்தான். பின்னால் இதைக் கண்டெடுப்பவர்கள் காரணம் கேட்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்: எலுமிச்சைச் செடி நேற்று குளிரில் பட்டுப்போய்விட்டது. ஆரஞ்சில் ஒரு பழம் மிச்சம்.

இதர செய்திகள்: இரண்டாவது வெப்பமூட்டியும் நின்றுவிட்டது. உள்ளே நான்கு டிகிரி, இறங்குமுகம். வியாழக்கிழமையைத் தாண்டி இங்கே யாரும் உயிரோடு இருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை, 11:30
நாளை மாலை ஒரு சரக்குக் கப்பல் இவ்வழியே கடக்கிறது. ஓட்டுபவர் ரோஸ்லின் மச்சாடோ, தூத்துக்குடிக்காரர். வானொலியில் அவர் குரல் வந்தது.

"ஏல சீலா, நல்லா கேட்டுக்கோ. என்னால நிறுத்த முடியாது. நிறுத்துனா நான் ஊரு போய்ச் சேர எரிபொருள் கிடையாது. நீ மீட்புக் கலத்துல ஏறி மேல வா. கொக்கியப் போட்டு இழுத்துக்கிடுதேன்."

"ஏறலாம்க்கா. ஆனா அதுக்கு இன்னும் விழா நடக்கல."

"என்ன விழா?"

"திறப்பு விழா."

"விளையாடுதியா?"

விளையாடவில்லை. கலம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சிறப்பு விருந்தினர் பூமியிலிருந்து காணொளி வழியாக நாடா வெட்டிய பிறகே தலைமையகம் அதன் பூட்டை விடுவிக்கும். விருந்தினரின் தேதி கிடைக்கவில்லை. அவருக்கான வரவேற்புப் பெட்டி மட்டும் தவறாமல் வந்துவிட்டது: ஒரு விஸ்கி, கசப்பான சிவப்பு மூலிகை மது, இனிப்பான கரிய மூலிகை மது, ஒரு பொன்னாடை. அவர் நேரில் வரமாட்டார் என்பதைப் பெட்டி கட்டியவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். பொன்னாடை இப்போது என் கழுத்தில் இருக்கிறது. குளிருக்குப் பரவாயில்லை.

அவசர அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை, 19:40
பதில் வந்தது.

"தங்கள் நிலைமை கனிவுடன் கவனத்தில் கொள்ளப்பட்டது. மாண்புமிகு விருந்தினர் வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு முன்பாக, நேரம் ஒதுக்க அன்புடன் இசைந்துள்ளார். விழா சிறக்க வாழ்த்துகள்."

பூட்டை உடைக்க முயன்றேன். அது மென்பொருளில் இருக்கிறது. சுத்தியலுக்கு அகப்படவில்லை.

புதன்கிழமை, 12:15
உள்ளே ஒரு டிகிரி. பெட்டியைப் பிரித்தேன். வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மூன்றையும் சம அளவில் ஊற்றிப் பார்த்ததில் கரியது மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. விஸ்கியை மட்டும் இரு மடங்காக்கினேன். குலுக்கக் கூடாது, கலங்கிவிடும். கண்ணாடிக் கம்பியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பனிக்கட்டிக்குத் தட்டுப்பாடில்லை, நிலவு முழுக்க அதுதான். ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவி, கோப்பைக்கு மேலே முறுக்கினால் எண்ணெய் தூறலாக விழும். விரல்கள் மரத்துவிட்டதால் இரு முறை தோல் அறுந்தது. மூன்றாவது சரியாக வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது ரோஸ்லின் அழைத்தார்.

"என்னல குடிக்க?"

"விஸ்கி, ரெண்டு மூலிகைச் சாராயம், ஆரஞ்சுத் தோலு."

"மருந்துக் கடையவே கலக்கிட்ட போல. எப்படி இருக்கு?"

"மொதல்ல இனிப்பு. அப்புறம் கசப்பு. கசப்பு போகவே மாட்டேங்குது. நல்லாருக்குக்கா."

"எனக்குத் தவக்காலம். ஈஸ்டர் வர தொட மாட்டேன். எனக்கும் சேத்து நீயே குடி."

அவருக்கும் சேர்த்துக் குடித்தேன்.

புதன்கிழமை, 14:50
தலைமையகம்:

"மாண்புமிகு விருந்தினரின் மேம்பாலத் திறப்பு மழையால் ரத்தானதை அடுத்து, தங்கள் விழா இன்றே இனிதே நடந்தேறியது. பூட்டு விடுவிக்கப்பட்டது. நற்பயணம்."

கப்பல் கடக்க இரண்டு மணி நேரம் இருக்கிறது. போகிறேன்.

புதன்கிழமை, 15:20
கலத்துக்குள் இருக்கிறேன். இயந்திரம் உயிர் பெற்றது. எரிபொருள் நிறைவு. இருக்கைக்கு முன்னால் ஒரு குழாய் நீண்டது. ஓட்டுநர் ஊத வேண்டுமாம். ஊதினேன்.

"மது கண்டறியப்பட்டது. பன்னிரண்டு மணி நேரம் கழித்து முயலவும்."

புதன்கிழமை, 15:45
காற்றுப் பம்பைக் குழாயில் பொருத்தினேன். மனித மூச்சு அல்ல என்று கண்டுபிடித்துவிட்டது. இந்த நிலையத்தில் பழுதாகாத கருவி அது ஒன்றுதான்.

"வேற யாராச்சும் ஊதுனா விடுமா?"

"விடும்க்கா."



"தண்ணி குடில. நல்லா வாயக் கொப்புளி."

கொப்புளித்தேன். ஊதினேன். மீதி நேரத்தைத் திரையில் காட்டுகிறது. குறைத்துக்கொள்ள வழியில்லை.

புதன்கிழமை, 16:58
சன்னலில் கப்பல். சிறிய வெள்ளைப் புள்ளி. நகர்கிறது

"சீலா, இன்னொருக்கா ஊதுல."

ஊதினேன்

"இன்னொருக்கா."

புதன்கிழமை, 17:06
"நான் கொக்கிய உள்ள இழுக்கல. வெளியதான் போட்டு வச்சிருக்கேன். கேக்குதா? ஏல, ஊதுதியா இல்லியா"

குரல் அறுந்தது. சன்னலில் புள்ளி இல்லை.

வியாழக்கிழமை, 03:22
உள்ளே மைனஸ் ஒன்பது. ஊதினேன். பச்சை விளக்கு எரிந்தது. கலம் புறப்படத் தயார்.