வெட்டுமுன் கேட்கச் சொன்னவளுக்கு

மழை பிடிப்பதற்குள் பரணைச் சுத்தம் செய்துவிடலாம் என்று இன்று ஏணி போட்டேன். மூலையில் அந்த வெந்நீர்ப் பை கிடந்தது. ரப்பர் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. நீ தைத்துப் போட்ட உறை மட்டும் அப்படியே இருக்கிறது. யாருடைய ரவிக்கைத் துணியின் மிச்சமோ, நல்ல மாம்பழ நிறம். மூக்கருகே கொண்டுபோனேன். அந்த ரப்பர் வாடையோடு என் பழைய அடிவயிற்று வலியும், தையல் மெஷினுக்குப் பின்னால் நீ எனக்காக விரித்துப் போடும் பாயும் சேர்ந்தே வந்துவிட்டன. ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் தீவில், ஜங்லிகாட்டில் இருந்த உன் தையல் கடைக்கு நான் முதலில் வந்தது ரவிக்கை தைக்கத்தான். டேப் இடுப்பைத் தொட்டதும் துள்ளினேன். நீ டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னட்டி, தொட்டதுக்கே இப்படித் துடிக்க? எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டாய். நாளா? வருஷக்கணக்காக இருந்தது. மாதவிலக்கின்போது மட்டும் வந்துகொண்டிருந்த வலி, மெல்ல மெல்ல மாதம் முழுக்கக் குடியேறிவிட்டது. ஆட்டோ குழியில் இறங்கினால் வலி. நாற்காலியிலிருந்து எழுந்தால் வலி. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து படுத்தாலே பயம். எங்கே சொன்னாலும் 'பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்' என்று வாயை அடைத்தார்கள். எத்தனை நாளாக என்று கேட்ட முதல் ஆள் நீதான். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் ஆபீஸ் விட்டு டெலானிபூர் மேட்டிலிருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஏறுமுன், உன் கடையில் சற்று நேரம் வெந்நீர்ப் பையோடு படுத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. வருகிறவர்கள் "தீதி கோ க்யா ஹுவா?" என்று எட்டிப் பார்த்தால், "குச் நஹி, ஆராம் கர் ரஹி ஹை. ஆப் கா பிளவுஸ் கல் மிலேகா" என்று, எனக்கு ஒன்றுமில்லை என்பதையும் அவர்கள் ரவிக்கை நாளைக்கு என்பதையும் ஒரே மூச்சில் இந்தியில் சொல்லி அனுப்பிவிடுவாய். அந்த 'நாளைக்கு' ரவிக்கைகள் எந்த நாளில் கிடைத்தன என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கருப்பைச் சுவரே வீங்கிக் கிடக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் இங்குள்ள டாக்டரம்மா. இரண்டு விதம் உண்டாம். கருப்பையின் மேற்பாகத்தை மட்டும் எடுத்து, அடியிலுள்ள வாயை விட்டுவைப்பது ஒன்று. வாயோடு சேர்த்து முழுவதும் எடுப்பது இன்னொன்று. சினைப்பைகளை எடுப்பதா விடுவதா என்பது தனி முடிவு. அவர் தெளிவாகத்தான் சொன்னார். எங்கள் காதில்தான் ஏறவில்லை. முழுவதும் என்றால் உள்ளே இருக்கிற எல்லாமும்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

நம் தீவுக்காரர்கள் மெயின்லேண்ட் போகும் லட்சணம் உனக்குத் தெரியாததா? ஒரு வேலைக்காக யார் போகிறோம்? பல் பிடுங்க வேண்டும், கண்ணாடி மாற்ற வேண்டும், சொந்தக்காரர் வீட்டில் தலைகாட்ட வேண்டும், பட்டுப்புடவை, மிக்சி ஜார் எல்லாம் ஒரே ட்ரிப்பில் முடிய வேண்டும். அறுவை சிகிச்சை இங்கேயே ஆகும் என்றாலும் மெயின்லேண்டில் செய்தால்தான் நமக்கு மனசு ஆறும். என் வீட்டுக்காரர் அந்த வழக்கத்தை என் வயிற்றுக்கும் கொண்டுவந்தார்.

"எதுக்குக் கொஞ்சத்த விட்டுவைக்கணும்? கர்ப்பப்பை, ஓவரி எல்லாத்தையும் ஒரே ட்ரிப்புல எடுத்துட்டு வந்துரு. அப்புறம் அதுக்கு ஒரு தடவ, இதுக்கு ஒரு தடவன்னு கப்பல் ஏறிக்கிட்டிருக்க முடியுமா?"

கெட்ட எண்ணமில்லை, பாவம். என் வலியைப் பார்த்துப் பார்த்து அவரும் நொந்துபோயிருந்தார். எனக்கும் அதுதான் ஆசை. வலிக்கிறது எதுவாக இருந்தாலும் பிய்த்து எறிந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

மறுநாள் உன்னிடம் சொன்னபோது நீ பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாய். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அதுவரை சொல்லாத உன் கதையைச் சொன்னாய்.

"நானும் அப்படித்தாம்ட்டி போனேன். முப்பத்தெட்டு வயசு. எங்க வீட்டாளுவ எல்லாரும் மொத்தமா எடுத்துருன்னாவ. எடுத்தேன். கொஞ்சம் தெம்பானதும் பஜார்ல சுத்தி குக்கரு, மிக்சி ஜாரு, மெஷினுக்கு பெல்ட்டு எல்லாம் வாங்கிட்டு கப்பல் ஏறுனேன். குடுத்துட்டு வந்தது என்னன்னு பொறவுதான் தெரிஞ்சுது."

உடம்பு தீயாக எரிந்ததைச் சொன்னாய். வெயில் காலம் என்று நினைத்து, மழைக்காலத்திலும் எரிந்தபோது பயந்துபோனதைச் சொன்னாய். தூக்கம் போய், யார் மேல் கோபம் என்றே தெரியாமல் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்ததைச் சொன்னாய். பல வருடம் கழித்து, மாதவிலக்கு நிற்கும் வயதில் மெல்ல வரவேண்டியது உனக்கு ஒரே வீச்சில் வந்துவிட்டது. "ஓவரியையும் சேத்து எடுத்தா இப்படி ஆகும்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல" என்றாய். உன் கழுத்தில் எந்நேரமும் கிடக்கும் ஈரத்துண்டு கடைப் புழுக்கத்துக்கு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதோடு நீ ஒரு கட்சி கட்டிவிட்டாய். மேற்பாகம் மட்டும் எடுத்தால் போதும், வாயைக்கூடத் தொடக் கூடாது. எங்கள் வீட்டுக்கே வந்து, போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் அவரோடு சண்டை பிடித்தாய். "கொறச்சு எடுத்தா கொறச்சுக் கஷ்டம் அண்ணே." அவர் சும்மா இருப்பாரா? "பாதிய விட்டு வெச்சு அதுலயே வலி தங்கிருச்சுன்னா, நீங்க பதில் சொல்வீங்களா?" டீ ஆறிப்போயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தீர்கள். நடுவில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்குப் பரீட்சை என்பதால் அவரால் என்னோடு சென்னைக்கு வர முடியவில்லை. நீ கடையைப் பூட்டிவிட்டு வந்தாய். யார் செய்வார்கள் சொல்? கப்பலில் எனக்கு வாந்தியும் வலியும். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

"டாக்டர்ட்ட ஒவ்வொண்ணா கேளு. இத ஏன் எடுக்கணும், எடுத்தா என்ன ஆகும், விட்டா என்ன ஆகும்னு கேளு. வெட்டுறதுக்கு முன்னாலதாம்ட்டி கேக்க முடியும்."

சென்னை டாக்டர் பரிசோதித்தபோது கருப்பை வாயில் கை பட்டதும் எனக்கு உயிர் போயிற்று. "தினமும் இருக்கறது இந்த வலிதானா?" என்றார். இதேதான் என்று அலறினேன். திரைக்கு வெளியே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொன்னபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீ மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்திருந்தாய்.

"வாய விட்டு வெச்சா அந்த வலியும் கூடவே இருக்கலாம். மாசாமாசம் லேசா கசிவும் வரலாம். உங்களுக்கு வாயோட சேத்து எடுக்கறதுதான் நல்லது. ஓவரி ரெண்டும் நல்லா இருக்கு. உங்க நாப்பது வயசுக்கு அத எடுக்கணும்னு அவசியமில்ல. ஆனா பின்னாடி அதுல ஏதாவது வந்தா, சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். எத செஞ்சாலும் வலி முழுசா போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர்.

கப்பல் முழுக்க, வீடு முழுக்க, பாதி போதும் என்று சண்டை போட்டவள் நீ. டாக்டர் முன்னாலேயே என் பக்கம் திரும்பி, "அப்ப நான் சொன்னது தப்புட்டி. வாய எடுத்துரு" என்றாய். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. என்னைவிட உன் வாதம் உனக்குப் பெரிதாக இருக்கவில்லை. இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்தாளே என்று இன்றைக்கும் மலைத்துப்போகிறேன்.

வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் போட்டோம். ஓவரியை விட்டுவைப்பதா, மறுபடி போகணும்னா என்ன செய்வது என்று அவர் ஆரம்பித்தார். நீ போனைப் பிடுங்கினாய்.

"மறுபடி வரணும்னா வருவோம் அண்ணே. கப்பலு ஓடாமலா போயிரும்? நான் கூட்டிட்டு வாறேன்." பிறகு என் கையில் திணித்தாய். "இந்தா, நீ சொல்லு. ஒன் ஒடம்பு."

"கர்ப்பப்பைய வாயோட எடுக்கச் சொல்லப்போறேன். ஓவரி இருக்கட்டுங்க" என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "ஒனக்குச் சரின்னா சரிம்மா" என்றார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்தான்.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. இறுகிக் கிடந்த அடிவயிற்றுத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் செய்தேன். நான் மூச்சை இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஒருநாள் மரைன் ஹில்லில் ஆட்டோ பெரிய குழியில் தடாலென்று இறங்க, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரே உன் கடைக்கு வந்து சொன்னேன். நீ சிலுவை போட்டுக்கொண்டாய்.

பிறகு ஒருநாள் காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன நீ, திரும்பவில்லை. மறுபடி போனால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னவள் இல்லையே என்று எவ்வளவு நாள் பயந்திருக்கிறேன் தெரியுமா? இதுவரை போக வேண்டி வரவில்லை.

இப்போது எனக்கு ஐம்பது ஆகிவிட்டது. போன வாரம் ஆபீஸில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காதுக்குச் சூடு ஏறியது. நெற்றி வியர்த்துக் கொட்டியது. பக்கத்து மேஜைப் பெண் பதறி எழுந்தாள். இரண்டு நிமிடத்தில் தணிந்துவிட்டது. மறுநாள் இல்லை. அதற்கடுத்த நாள் லேசாக வந்தது. டாக்டரம்மாவிடம் போனேன். "வர்ற வயசுதானே, கொஞ்சங் கொஞ்சமா வரும், பயப்படாதீங்க" என்றார்.

நான் பயப்படவில்லை. மகளைப் படிக்கவைத்து, கல்யாணம் பேசி, நிம்மதியாகத் தூங்கி எழுந்த இத்தனை வருடமும் எனக்கு நீ வாங்கிக் கொடுத்தது. வீட்டில் யாரிடமும் இதை இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். எனக்கும் வந்துவிட்டதடி. மெதுவாகத்தான் வருகிறது.